ஆய்குடி வேள்மனை

செல்வர் வாழ்ந்த மாளிகையொன்றன் வரலாற்றை எழுதப் புகுவோர், அதன் தூண்கள் எத்தனை, நிலைகள் எம்மரத்தான் இயன்றன, எடுத்து முடிக்க எத்துணை ஆண்டுகள் சென்றன என்பவற்றை முதற்கண் எண்ணிக் கூறுதல் வழக்கம். நாம் ஈண்டு எழுதப் புகுந்த மாளிகைக்கோ அவ்வாறு கூறத்தக்கது ஒன்றும் இல்லை. அதன் கல் ஒன்றேனும், செங்கல் ஒன்றேனும் இன்று காட்ட வல்லார் இலர். ஆயினும், தமிழகத்து மாளிகைகள் பலவற்றினும் அதன் உட்புறத்தை நாம் நன்கு அறிவோம். அதன் முற்றத்தில் நின்ற மரம் யாது, யானை கட்டும் தறிகள் எந்நிலையில் இருந்தன, மனைமகளிர் கழுத்தில் அணிந்திருந்தது யாது என்பனவெல்லாம் நமக்குத் தெரியும். இவற்றை நமக்கு உரைத்தவர் தச்சரும் கொத்தரும் அல்லர். அம்மனையில் உண்டு சென்ற புலவர்கள். அம்மனை ஆய் அண்டிரன் என்னும் வள்ளலுடையது. அஃது இருந்த ஊர் ஆய்க்குடி.

தென்காசிக்கு அணித்தாய், அனுமன் நதிக்கரையில், பாலசுப்பிரமணியர் திருக்கோயிலாற் பெயர் பெற்று விளங்கும் ஆய்க்குடியை நம் அன்பர் பலரும் கண்டிருப்பர். நெடுங்காலம் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்திருந்த இவ்வூர், 2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் தோன்றிய தென்காசி மாவட்டத்துள் இதுபோது அடங்கியது. மேற்கே நோக்கின் மலைத்தொடர் வான்தோய நிற்கும். குற்றாலத்துச் சாரல் வீசுங்காலத்து அதன் குளிர்ச்சி இவ்வூர் வயல்களையும் வந்து தடவும். சங்கப் பாடல்கள் ஆயைப் பொதியின் மலைக்குரியவன் என்று கூறுதலானும், பெயர் ஒத்தலானும், இடம் ஒத்தலானும் இவ்வூரே அவ்வள்ளலின் தலைநகர் என்பது அறிஞர் பலர் கொள்கை.

புறநானூற்று 132-ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் இக்குடியை வியந்து கூறுவது ஒன்றுண்டு. வடக்கே இமயம் நிற்கின்றது, தெற்கே ஆய்குடி நிற்கின்றது, தெற்கே இஃது இல்லையாயின் இவ்வகன்ற உலகம் ஒருபால் சாய்ந்து பிறழும் என்பது அவர் கருத்து. ஈண்டுக் 'குடி' என்னும் சொல் ஊரையும் குறிக்கும், குலத்தையும் குறிக்கும். இருபொருளும் கொள்ள இடமுண்டு. ஒரு மலையை நிறுத்தற்கு மற்றொரு மலையை வையாது, ஈயும் ஒரு குடியை வைத்தார் புலவர். நிலத்தைச் சமன்செய்வது கல்லின் எடை அன்று, கொடையின் எடையே என்பது அதனால் பெறப்படும்.

இனி, இக்குடிக்குச் செல்வம் வந்த வழி யாது? பொதியத்துச் சந்தனமும் அகிலும், மலைத்தேனும், பலவும், யானையும், யானைக் கோடும் அக்காலத்து நாடு கடந்து விலைபோயின. அன்றியும், கிழக்குச் சீமையினின்று மேலைக் கடற்கரைக்குச் செல்லும் ஆரியங்காவுக் கணவாய் செங்கோட்டைக்கு அப்பால் அணித்தே உளது. 1904-ஆம் ஆண்டில் கொல்லத்திற்குப் புகைவண்டிப் பாதை முடிந்ததும் அக்கணவாயின் வழியே. மலைவளமும் வழித்துறையும் ஒருங்கு வாய்த்த இடத்தில் குறுநில மன்னர் செழித்தல் இயல்பு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினராகிய தாலமி என்னும் யவன நிலநூலார், குமரியை அடுத்த நாட்டை 'ஆயோய்' நாடு என்று குறித்துள்ளார். கடல் கடந்த அறிஞரும் அறியும் அளவிற்கு இக்குடியின் பெயர் பரந்திருந்தது என்பது இதனாற் போதரும்.

இத்துணைச் செல்வம் உடையான் மனை எவ்வாறு இருந்தது? புலவர் நம்மை முன்றிலுக்கு அழைத்துச் செல்கின்றார். மன்றத்தில் பலாமரம் ஒன்று நிற்கின்றது. பரிசில் பெற வந்த இரவலர் தம் முழவுகளை அதன் கிளையில் தூக்கியிருக்கின்றனர். மரத்தில் வாழும் மந்தி அம்முழவைப் பலாப்பழம் என்று கருதித் தட்டுகின்றது. எழுந்த ஓசைக்கு எதிராக அன்னச் சேவல் குரல் கொடுக்கின்றது. அப்பாட்டின் முடிவில், ஆயினது மழை தவழும் பொதியத்தை ஆடல்மகள் எளிதின் அணுகலாம், பெருமிதம் உடைய வேந்தர் அணுகுதல் அரிது என்கின்றார் புலவர். வாயில் காப்போர் கலைஞருக்குத் திறந்தும் படைகொண்டு வருவார்க்கு அடைத்தும் இருந்த மனை அது. செல்வர் வாயில்கள் பெரும்பாலும் இதன் மறுதலையாக இருத்தலை நாம் நாடோறும் காண்கின்றோம்.

உள்ளே செல்வோம். யானைகளைக் கட்டுதற்கு நட்ட தறிகள் நிரல்பட நிற்கின்றன. அவற்றில் யானைகள் இல்லை, காட்டு மயில்கள் தம் இனத்தொடு தங்கியிருக்கின்றன. யானைகள் எங்கே? பாடி வந்தோர் கொண்டு சென்றனர். மனையிலுள்ள மகளிரை நோக்கின், பிறர்க்குக் கொடுத்தற்கு இயலாத மங்கல அணி ஒன்றே அவர்பால் எஞ்சியிருக்கின்றது. ஏனைய அணியெல்லாம் இரவலர் கைப்பட்டன. இவ்வாறு ஆயின் கோயில் பொலிவிழந்து காணப்படுகின்றது என்று கூறிய புலவர், அடுத்து மற்றொன்று கூறுகின்றார். நறுமணம் கமழத் தாளித்த இன்னடிசிலைப் பிறர்க்கு ஈயாது தம் வயிற்றையே நிரப்பிக்கொள்ளும் முரசுடைச் செல்வர் மாளிகைகள் இதற்கு ஒப்பாகா என்பது அது. இது 127-ஆம் பாட்டின் பொருள்.

இப்பாட்டைப் பள்ளியில் மாணவர்க்கு ஓதுவிக்குந்தோறும், மயில்கள் தங்கும் வெறுந்தறியை நாம் நினையாது இருந்ததில்லை. ஒரு மாளிகை நிறைந்திருத்தலைப் புகழ்ந்தவர் பலர். வெறுமையாய் இருத்தலைப் புகழ்ந்து பாடிய புலவரை வேறு எவ்விடத்துக் காண்போம்?

ஆய் கொடுத்த யானைகளின் தொகையைக் கூறவந்த மோசியார், மேகம் இன்றி இருள் தோன்றா வண்ணம் வானம் முழுதும் விண்மீன் பூப்பின் அத்தொகைக்கு ஒக்கும் என்கின்றார். மற்றொரு பாட்டில், உன் நாட்டில் இளம்பிடி ஒரு சூலில் பத்துக் கன்று ஈனுமோ என்று வினவுகின்றார். கொங்கரை மேலைக் கடற்கரை வரை ஓட்டியபோது அவர் போகட்டுச் சென்ற வேல்களினும் நீ அளித்த களிறுகள் பல என்றும் கூறுகின்றார். இவை உயர்வு நவிற்சி என்பதை நாம் அறிவோம். ஆயினும், ஒருவன் வென்றெடுத்த படைக்கலத்தின் தொகையையும் கொடுத்த களிற்றின் தொகையையும் ஒரு துலையில் வைத்து, கொடை பெரிது என்று காட்டிய முறை கருதற்பாலது. கொங்கரை ஓட்டிய போரினை அப்பாட்டு ஓர் உவமைக்கே கருவியாக்கிற்று.

ஆயின் ஈகைக்கு யாது காரணம்? 134-ஆம் பாட்டு இதற்கு விடை கூறுகின்றது. இம்மையில் செய்தது மறுமைக்கு உதவும் என்று கணக்கிட்டு அறத்தை விலைபேசும் வணிகன் ஆய் அல்லன், சான்றோர் சென்ற நெறி இது என்பதனால் கொடுக்கின்றான் என்பது அதன் கருத்து. புண்ணியத்தைப் பெறுதற்கு ஈதலும் ஒருவகை வாணிகமே என்று கூறிய இத்துணிவு இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னர்த் தோன்றியது என்பதை எண்ணி வியக்கின்றோம். கோயில் விளக்கில் பெயர் பொறித்தும், மின்விசிறியின் இறகுகளில் மூன்று தலைமுறைப் பெயரை எழுதியும் கொடுக்கும் நாம் இப்பாட்டைச் சற்று நின்று படித்தல் நலம்.

ஆய் இறந்தபோது குட்டுவன் கீரனார் பாடிய கையறுநிலை 240-ஆம் பாட்டாக உள்ளது. குதிரையும் களிறும் தேரும் நாடும் ஊரும் பாடுநர்க்குக் கொடுத்தவன், தன் மகளிரோடு மேலுலகம் எய்தினான், கூகை குழறும் சுடுகாட்டில் தீ அவனை உண்டது, புலவர் பசித்த வயிற்றினராய்ப் பிறர் நாட்டை நோக்கிச் செல்கின்றனர் என்பது அதன் சாரம். ஈண்டு ஒன்றை நாம் மறையாது கூறல் வேண்டும். முன்னர்த் தம் அணிகளையெல்லாம் இரவலர்க்கு ஈந்து மங்கல அணியொடு நின்ற அம்மகளிர், பின்னர்த் தலைவனோடு உயிரையும் இழந்தனர். அவர் உடன்பட்டுச் சென்றனரோ அல்லரோ என்பதைப் பாட்டுக் கூறவில்லை. அவர் பெயரும் நமக்கு எட்டவில்லை. வள்ளலின் புகழுக்கு அவன் மனைமகளிர் செலுத்திய விலையும் அவ்வரலாற்றின் பகுதியே ஆகும். பழமையைப் போற்றுவோர் அதனையும் சேர்த்தே படித்தல் முறை.

அண்டிரனுக்குப் பின்னும் அக்குடி நிலைத்தது. பொதியிற்குரிய திதியன் என்பான் ஒருவனைச் சங்கப் பாடல்கள் பாடும். தலையாலங்கானத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்த எழுவருள் ஒருவனாகிய திதியனும் இவ்வழியினன் என்று கருதப்படுவான். பின்னர்ச் சில நூற்றாண்டுகள் இருள் சூழ்ந்தன. பாண்டியர் செப்பேடுகளில் ஆய்வேள் மீண்டும் தோன்றுகின்றான், ஆனால் பகைவனாக. கோச்சடையன் மருதூரில் ஆய்வேளை வென்றதாக வேள்விக்குடிச் செப்பேடு கூறுகின்றது. அவன் மகன்வழிப் பேரனாகிய நெடுஞ்சடையன், கடலை அகழியாக உடைய விழிஞத்தை அழித்து வேண்மன்னனை வென்றான் என்று சீவரமங்கலச் செப்பேடு கூறுகின்றது. அதே பாண்டியனது 23-ஆம் ஆட்சியாண்டுக் கழுகுமலைக் கல்வெட்டு, மலைநாட்டுச் சடையன் கருநந்தன் மேற்சென்று அரிவியூர்க் கோட்டையை அழித்த செய்தியைக் குறிக்கின்றது. பாண்டியர் அழுத்த அழுத்த, ஆய்குடியினர் மலையைக் கடந்து தென்மேற்கே நகர்ந்தனர். ஊரின் பெயரே எஞ்ச, அரசு விழிஞத்தை அடுத்த கடற்கரைக்குச் சென்றது. அவ்விழிஞம் 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் பெருந்துறைமுகமாகத் திறக்கப்பட்டதை நம்மவர் செய்தித்தாளிற் படித்திருப்பர்.

தோற்றுச் சுருங்கிய இக்காலத்திலேதான் இக்குடியினர் தம் முன்னோன் பெயருக்கு ஏற்ற செயலொன்றைச் செய்தனர். கோக்கருநந்தடக்கன் என்னும் ஆய் மன்னன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து முஞ்சிறைச் சபையாரிடம் வேறு நிலம் கொடுத்து மாற்றாக நிலம் பெற்று, திருமாலுக்குக் கோயில் எடுத்துப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டான். அச்செப்பேட்டிற் கண்ட கலியுக நாட்கணக்கு 14,49,087. அது கி.பி. 866-ஆம் ஆண்டிற்கு ஒக்கும். அரசன் நிலத்தைப் பறித்துக்கொள்ளாது மாற்று நிலம் கொடுத்துப் பெற்றான் என்பது முதற்கண் நோக்கத்தக்கது.

கோயிலோடு சாலை ஒன்றும் அமைத்தான். சாலை என்பது ஈண்டுக் கல்விக்கூடம். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 மாணவர்க்கு அங்கே இடம் வகுக்கப்பட்டது. வேதக் கிளை மூன்றனுக்கு முறையே 45, 36, 14 என்று இடம் பகுக்கப்பட்டது. இலக்கணப் பயிற்சியும், மூவேந்தர் நாட்டு வழக்கியலை அறியும் திறமும் மாணவர்க்கு வேண்டும் என்று விதிக்கப்பட்டன. ஒருவரையொருவர் வைதாலும், கருவிகொண்டு தாக்கினாலும் தண்டம் உண்டு என்பது போன்ற ஒழுங்குகளும் எழுதப்பட்டன. உண்டியும் உறையுளும் கொடுத்துக் கற்பிக்கும் விடுதிக்கு விதிநூல் எழுதிய அக்கையை, ஆசிரியத் தொழில் பூண்ட நாம் நன்றியோடு நினைக்கின்றோம். ஆனால் அவ்விடங்கள் வேதம் ஓதுவார்க்கே உரியவாயின என்பதும் உண்மை. ஆடு மாடு மேய்த்த நம் முன்னோர் பிள்ளைக்கு அந்த 95-இல் ஓர் இடமும் இருந்திலது. இதனை நாம் வெறுப்பால் கூறவில்லை. இனி எழுப்பும் சாலைகள் எங்ஙனம் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு பாடம் ஆதலின் கூறுகின்றோம்.

அவனுக்குப் பின்வந்த விக்கிரமாதித்த வரகுணன் பௌத்தர்களுடைய திருமூலபாதத்துக்கு நிலம் அளித்ததைப் பாலியச் செப்பேடு உரைக்கும். அவனது 28-ஆம் ஆட்சியாண்டில் சிதறால் மலையிலுள்ள சமணர் கோயிலுக்குக் குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண்துறவி பொன்னணி அளித்ததை ஆண்டுள்ள கல்வெட்டு உரைக்கும். திருமாலடியாரும், புத்தன் அடியாரும், அருகன் அடியாரும் ஒரு குடையின்கீழ் அமைதியாக வாழ்ந்தனர் என்பது இதனால் விளங்கும். இக்குடியினர் செப்பேட்டு முத்திரையில் யானை பொறிக்கப்பட்டிருந்தது. அண்டிரன் தறிகளினின்று அவிழ்த்துக் கொடுத்த யானைகள் எல்லாம் போக, எஞ்சியது இம்முத்திரை யானை ஒன்றே போலும். முதலாம் இராசராசன் காலத்தில் விழிஞம் சோழர் வசமாயிற்று. அதன்பின் ஆய்குடியார் அரசராகத் தலையெடுத்திலர்.

இனி, நம் கூட்டங்களில் அடிக்கடி எழும் வினா ஒன்றுக்கு விடை கூறும் கடமை நமக்கு உண்டு. ஆய் அண்டிரன் நம் யாதவ குலத்தவன் என்றும், 'ஆய்' என்னும் பெயர் 'ஆயர்' என்பதன் அடியாகப் பிறந்தது என்றும் நம்மவர் பெருமிதத்துடன் பேசுகின்றனர். பாலியச் செப்பேடு வரகுணனை விருட்டிணி குலத்தவன் என்று கூறுதல் உண்மையே. வேளிர் துவரையினின்று வந்தவர் என்னும் செய்தி கபிலர் பாட்டிலும், நச்சினார்க்கினியர் உரையிலும் உண்டு. ஆயினும் கபிலர் அங்ஙனம் பாடியது இருங்கோவேளை, ஆயை அன்று. ஆயைப் பாடிய மோசியார் துவரையையும் கூறவில்லை, ஆநிரையையும் கூறவில்லை. செப்பேடுகளில் சோழர் ஞாயிற்றையும் பாண்டியர் திங்களையும் தம் குலமுதல் என்று எழுதிக்கொண்ட வழக்கத்தை நாம் அறிவோம். அவ்வழக்கத்திற்கும் மேலானதொரு சான்று இதற்கு உண்டு என்று துணிதற்கு இல்லை. வேளிரை முன்னிட்டு வேளாளரும், மலைநாட்டை முன்னிட்டுப் பிறரும் ஆயைத் தம்மவன் என்பர். எல்லோரும் அவனை வேண்டுவது அவனுக்குப் பெருமையே. ஆனால் அவன் யாரை வேண்டினான் என்பது நமக்கு எழுதிக் கிடைத்துள்ளது. பாடி வந்தவனையும், பசித்து வந்தவனையும் அவன் குலம் கேட்டுக் கொடுத்ததாக ஒரு பாட்டும் இல்லை.

அவனைப் பாடி அழியாப் புகழ் தந்த புலவர் யார்? முடமோசியார். முடம்பட்டவர் என்பது பெயரே காட்டும். உறையூர் எங்கே, பொதியம் எங்கே! நூற்றைம்பது கல்லுக்கு மேற்பட்ட வழியை ஊனமுற்ற ஒருவர் கடந்து வந்து ஆய்குடி முற்றத்தில் அமர்ந்தார். யானை பெற வந்திலேன், உன்னைக் காண வந்தேன் என்று பாடும் அளவிற்கு அம்முற்றம் அவரை மதித்தது. இக்காலத்து ஆய்க்குடிக்குச் செல்வோர் அங்கே அமர் சேவா சங்கம் என்னும் நிலையத்தைக் காண்பர். 1975-ஆம் ஆண்டில் கடற்படைத் தேர்வின்போது முதுகுத்தண்டில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்த இராமகிருட்டிணன் என்பார், 1981-ஆம் ஆண்டில் தம்மைப்போல் உடல் ஊனமுற்றார் பொருட்டு அதனைத் தொடங்கினார். தமக்கு மருத்துவம் செய்த அமர்சித் சிங் சாகல் என்னும் மருத்துவர் பெயரை அதற்கு இட்டார். சிறிய அளவிற் பிறந்த அந்நிலையம் பள்ளியும் மருத்துவமும் தொழிற்பயிற்சியும் உடையதாய் வளர்ந்தது. 2020-இல் அரசு அவர்க்குப் பத்மசிறீ விருது அறிவித்தது. முடமோசியார் இருந்து பாடிய ஊர் மீண்டும் அத்தகையோர்க்கு முற்றம் திறந்தது. குருதிவழி யாதாயினும் ஆகுக. ஆயின் வழி இதுவே என்று நாம் துணிந்து கூறுவோம். முருகன் கோயிலை ஒட்டிய ஆற்றுப் படிக்கட்டில் நேர்த்திக்கடனாகப் பாயசம் வார்க்க, சிறுவர் கூடி உண்ணும் படிப்பாயச வழக்கமும் அவ்வூர்க்கு உண்டு. அவ்வழிக்கு அஃது ஓர் எளிய அடையாளம்.

நம் சங்கத்தார்க்கு இதனால் கூறக்கருதியது ஒன்று. ஆய் வள்ளலின் பெயரால் கோபுரவாயிலும் பளிங்குத் தளமும் உடைய மண்டபம் ஒன்று எழுப்பல் வேண்டும் என்று அன்பர் சிலர் பேசி வருகின்றனர். அவர் அன்பை நாம் குறைகூறோம். ஆனால் மதுரையில் திருமலை நாயக்கர் 1636-ஆம் ஆண்டில் முடித்த அரண்மனையின் ஒரு பகுதியே இன்று நிற்கின்றது. தென்காசியில் திருக்கோயில் எடுத்த பராக்கிரம பாண்டியன் வாழ்ந்த அரண்மனை எங்கே என்று கேட்பாரும் இலர். கோயிலையோ, அதனைக் காப்போர் தாளில் பணிவேன் என்று அவன் எழுதிவைத்த கல்வெட்டோடு நாம் இன்றும் காண்கின்றோம். தன் பொருட்டு எடுத்தது மறைந்தது, பிறர் பொருட்டு எடுத்தது நின்றது. ஆயின் மனை கல்லாக நின்றிலது. கொடுத்ததனால் பாட்டாக நின்றது.

ஆதலின், அம்மண்டபத்திற்குத் திரட்டும் பொருளைக் கொண்டு தென்காசியில் மாணவர் விடுதி ஒன்று அமைப்போமாக. முதல் ஆண்டில் 95 பிள்ளைகள் இயலாவிடினும் ஒன்பதின்மர்க்கேனும் உண்டியும் உறையுளும் நூலும் கொடுப்போமாக. அவ்விடங்களுள் மூன்றில் ஒரு பங்கு பிற குலத்து ஏழைப் பிள்ளைகட்கும், படிக்கட்டு ஏற இயலாத பிள்ளைகட்கும் ஒதுக்குவோமாக. வாயிலில் ஆய் அண்டிரன் பெயர் ஒன்றே இருப்பதாக. கொடுத்தார் பெயர்கள் கணக்கேட்டில் மட்டும் இருப்பனவாக. அங்ஙனம் செய்யின், அவன் நம் முன்னோன் என்று நாம் கூறிக்கொள்ள வேண்டுவதில்லை, கண்டோர் கூறுவர்.

ஆய்குடி வாழ்க! அதன் வழி நிற்போர் வாழ்க!